ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

கம்பியின் துணையின்றிச் செய்தி அனுப்புதலும், இருளிலும் மூடுபனியிலும் மறைந்த பொருளை ராடார் கொண்டு கண்டறிதலும் இக்காலத்து எளிய செயல்களாயின. இவற்றிற்கு வித்திட்ட பேரறிஞருள் ஒருவர் வங்கநாடு ஈன்ற ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்கத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். எனினும் தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். ஆங்கு உழவர் மக்களும் மீனவர் மக்களும் இவருக்குத் தோழராயினர். பின்னர்க் கல்கத்தாவிலுள்ள தூய சவேரியார் கல்லூரியில் லபோன் பாதிரியார் இவருக்குப் பௌதிக நூலில் வேட்கையை மூட்டினார். மருத்துவம் பயில இலண்டன் சென்றவர், நோயினால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார்.

தாயகம் மீண்டு, 1885-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலத்தில் ஆங்கிலேய ஆசிரியர் பெற்றதில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு ஊதியம். போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். தந்தையாரோ கடனில் மூழ்கியிருந்தார். ஆயினும் போஸ் பணியைக் கைவிடவில்லை. குறைந்த ஊதியத்தைத் தொடவும் இல்லை. மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். இடையில், 1887-இல், சென்னையில் மருத்துவம் பயின்ற அபலா அம்மையாரை மணந்தார். இறுதியில் அரசாங்கத்தார் இவருடைய தகுதியை உணர்ந்து, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கினர். தந்தையாரின் கடனும் தீர்ந்தது.

1894-இல், கல்லூரியின் ஒரு சிறு அறையில், தகர வேலை செய்யும் ஒருவரைத் துணையாகக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் முன்னர்க் காட்டிய மின்காந்த அலைகள் நீளமானவை. போஸ் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு அவற்றைக் குறுக்கினார். குறுகிய அலை ஒளியைப்போலவே தெறிக்கும், வளையும். பொருளின் நுண்ணிய வடிவையும் பிரித்தறிய உதவும். இருப்புப்பாதைக் கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளிடையே ஈயத்தகடு செருகியும், சணலை முறுக்கியும் கருவிகள் செய்து கொண்டமை இவரது கூர்மதிக்குச் சான்றாகும். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களுக்கு அப்பால் அலைகளைச் செலுத்தி, மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். 1897-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கிப் புகழெய்தினார்.

1901-இல் இலண்டனில், பெருஞ்செல்வம் படைத்த தந்திக் கம்பெனியார் ஒருவர், கண்டுபிடிப்பின் உரிமையைப் பதிவு செய்து இலாபம் பெறலாம் என்று வற்புறுத்தினார். போஸ் இசைந்திலர். பொருளாசையின் வலையில் ஒருமுறை அகப்பட்டவன் மீளல் அரிது என்று அஞ்சினார். நண்பர் முயற்சியால் கலீனாப் படிகக் கருவிக்கு 1904-இல் அமெரிக்க உரிமை கிடைத்தது. அதனையும் பயன்படுத்தாது காலாவதியாக விடுத்தார். வானொலியால் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர்; போஸ் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராயத் திரும்பினார். 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவி, ஈட்டிய பொருளை அதற்கே ஈந்தார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-இல் கிரிதியில் மறைந்தார்.

அவர் ஆராய்ந்த மில்லிமீட்டர் அலைகள் நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தன. இன்றோ, விமான நிலையங்களில் ஆடைக்குள் மறைத்த பொருளை உருவாக்கிக் காட்டவும், மோட்டார் வண்டிகளின் ராடாருக்கும் அவையே பயன்படுகின்றன. அவ்வுருவங்களை இனங்காணக் கணினிகளும் பயிற்றப்படுகின்றன.

நண்பர்காள்! தமக்குரியதில் குறைந்ததை ஏற்க மறுத்தவரும் இவரே; தம் அறிவுக்கு விலை பெற மறுத்தவரும் இவரே. முன்னையது மானம்; பின்னையது ஈகை. இவ்விரண்டும் ஒரு நெஞ்சில் அமைதல் அரிது. கல்வியை ஊதியத்தால் மட்டும் அளக்கும் நமக்கு இப்பெரியார் வாழ்க்கை ஓர் உரைகல்லாகும்.