ஜெட் இன்ஜினுக்கு யோசனை இருந்தது, உலோகம் இல்லை! யார் இந்த ஃபிராங்க் விட்டில்?

வெறும் 5 பவுண்டு. 1935 ஜனவரியில் அந்தப் பணத்தைக் கட்ட முடியாததால்தான் ஜெட் இன்ஜினுக்கு வாங்கியிருந்த காப்புரிமை கைவிட்டுப் போனது. அதை வாங்கியவர் ஃபிராங்க் விட்டில், பிரிட்டிஷ் விமானப்படையின் இளம் அதிகாரி. பணக் கஷ்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அவரைப் பல வருஷம் தூங்கவிடாமல் செய்தது வேறொரு பிரச்சினை. செக்கச்செவேல் என்று பழுத்த சூட்டிலும் நெளியாத ஓர் உலோகம் அப்போது உலகத்திலேயே இல்லை.

குள்ளமா இருக்கே, வேண்டாம்!

1907 ஜூன் 1-ம் தேதி இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் பிறந்தார் விட்டில். அப்பா மெக்கானிக். மெஷின்களுக்கு நடுவில்தான் வளர்ந்தார். விமானப்படையில் சேரப் போனபோது, 5 அடிதான் உயரம் என்று திருப்பி அனுப்பினார்கள். உடற்பயிற்சி செய்து கொஞ்சம் வளர்ந்து போனார், அப்போதும் முடியாது என்றார்கள். விடவில்லை. 1923-ல் ஒருவழியாகப் பயிற்சிப் பணியாளராக உள்ளே நுழைந்தார்.

கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் படித்தபோதே, மிக உயரத்தில் மிக வேகமாகப் பறக்கும் விமானங்கள் பற்றி 1928-ல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷமே ஐடியா பிடிபட்டது. காற்றை உள்ளே இழுத்து அழுத்தி, எரிபொருளை எரித்து, சூடான வாயுவைப் பின்பக்கம் பீய்ச்சினால் விமானம் முன்னே போகும். போகிற வழியில் அதே வாயு ஒரு டர்பைனைச் சுற்றும், அந்த டர்பைன் காற்றை அழுத்தும் கருவியைச் சுற்றும்.

விமான அமைச்சகம் இதை ஏற்கவில்லை. இவ்வளவு சூட்டையும் இழுவிசையையும் சேர்த்துத் தாங்குகிற பொருள் எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். உண்மையைச் சொன்னால், அன்றைய நிலையில் அது தப்பான வாதமும் இல்லை. ஆனால் உலோகம் வரும் என்று விட்டில் நம்பினார். 1930 ஜனவரி 16 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

உலோகத்துக்கு என்ன பிரச்சினை?

உலோகம் என்பது அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கிய சின்னச் சின்ன படிக மணிகளின் கூட்டம். இழுத்தால் மொத்த வரிசையும் ஒரேயடியாக நகராது. ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி அதை மறு ஓரம் வரை தள்ளினால் முழு ஜமுக்காளமும் கொஞ்சம் நகரும் இல்லையா? அதேபோல அணு அடுக்கில் உள்ள குறைகள் நகர நகர, உலோகம் உருமாறும். சூடு ஏறினால் இந்த நகர்வு இன்னும் சுலபம்.

விட்டிலின் முதல் இன்ஜினில் டர்பைன் நிமிடத்துக்கு 17,750 முறை சுழல வேண்டும் என்பது கணக்கு. ஓரத்தில் இருக்கும் பிளேடை அந்தச் சுழற்சி வெளியே இழுக்கும், வாயு சுட்டெரிக்கும். பிளேடு உடனே உடையாவிட்டாலும் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். இதற்குப் பெயர் க்ரீப். நீண்டால் உறையில் உரசும், கடைசியில் அறுந்துபோகும்.

ஹீட்டர் கம்பியிலிருந்து பிறந்த தீர்வு

1936-ல் நண்பர்கள் உதவியோடு பவர் ஜெட்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1937 ஏப்ரல் 12 அன்று ரக்பி நகரில் முதல் இன்ஜின் ஓடியது. 1941 மே 15-ல் கிரான்வெல்லிலிருந்து கிளாஸ்டர் இ.28/39 விமானம் 17 நிமிடம் பறந்தது. ஆனால் அந்த பிளேடுகள் எஃகு வகையைச் சேர்ந்தவை. சோதனை ஓட்டங்களில் பிளேடுகள் முறிவது தீராத தலைவலியாக இருந்தது.

மாண்ட் நிக்கல் நிறுவன ஆய்வாளர்கள் கையில் எடுத்தது நமக்குத் தெரிந்த பொருள்தான். 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம், அதாவது மின்சார ஹீட்டரில் இருக்கும் கம்பி. அதோடு கொஞ்சம் டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்தார்கள். இவை நிக்கலோடு சேர்ந்து உலோகத்துக்குள் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கும். நகர்ந்து வரும் குறைகளுக்கு இவைதான் வேகத்தடை. இப்படிப் பிறந்தது நிமோனிக் 80.

சரி, நெளியாத உலோகத்தை பிளேடாக வடிப்பது எப்படி? 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்தத் துகள்கள் கரைந்துவிடும். அப்போது அடித்து வடிக்கலாம். அடி வாங்கிய மணிகள் உள்ளுக்குள் இறுகிப்போகும். ஆனால் அந்தச் சூட்டிலேயே இறுக்கம் இல்லாத புது மணிகள் முளைத்துப் பழைய மணிகளை விழுங்கும். இதுதான் மறுபடிகமாதல். பரோட்டா மாவை அடித்துப் பிசைந்தபின் ஊறவிட்டால் மறுபடி இளகுமே, கிட்டத்தட்ட அப்படி. சூடும் அடியும் கணக்குத் தப்பினால் மணிகளின் அளவு ஏறுக்குமாறாகிவிடும், பிளேடின் ஆயுளும் குறையும்.

அந்த நேரம் ஜெர்மனியில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தின் இன்ஜின்கள் சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்தன. விட்டிலின் வடிவமைப்பிலிருந்து வந்த இன்ஜின்களோடு 1944 ஜூலையில் மீட்டியோர் போர்விமானம் பணிக்கு வந்தது.

ஜெயித்தவர் என்ன ஆனார்?

உடலும் மனமும் நொறுங்கின. ஓய்வில்லாத வேலையால் நரம்புத் தளர்ச்சி, திரும்பத் திரும்ப மருத்துவமனை வாசம். 1944-ல் பவர் ஜெட்ஸை அரசே எடுத்துக்கொண்டது. 1948-ல் உடல்நிலை காரணமாக விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் சர் பட்டமும் 1 லட்சம் பவுண்டு பரிசும் வந்தன. 1976-ல் அமெரிக்காவில் குடியேறினார். ஜெர்மனியில் தனியாக ஜெட் இன்ஜின் உருவாக்கிய ஹான்ஸ் ஃபான் ஓஹைனோடு 1991-ல் டிரேப்பர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1996 ஆகஸ்ட் 8 அன்று மேரிலாந்தில் காலமானார்.

இன்றைய விமான இன்ஜின்களின் மிகச் சூடான பகுதியில் ஒரு முழு பிளேடே ஒற்றைப் படிகமாக வார்க்கப்படுகிறது. அதில் தயாரிப்பின்போது சின்ன அழுத்தம் பட்டு, பிறகு சூடு ஏறினால் புது மணிகள் முளைத்து பிளேடு பலவீனமாகிவிடும். அன்று பிளேடை வடிக்க உதவிய மறுபடிகமாதல்தான் இன்று பொறியாளர்கள் பயப்படும் விஷயம். ஆனால் நிக்கல் மட்டும் மாறவில்லை. அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது இறக்கைக்குக் கீழே இருக்கும் இன்ஜினைப் பாருங்கள். உள்ளே சுழலும் டர்பைன் பிளேடு இன்றும் நிக்கல் கலவைதான்.