வாய் திறவாத பிள்ளை

வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அந்த வீட்டின் மொழியே மாறிவிடுகிறது. வயலிலிருந்து திரும்பும் தந்தையும், அடுப்படியில் நிற்கும் தாயும், திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டியும் தம் பேச்சை மறந்து குழந்தையின் பேச்சைப் பேசத் தொடங்குகின்றனர். சோறு மம்மமாகிறது, பால் பாச்சியாகிறது. வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேறு அதிகாரத்தில் குழலுக்கும் யாழுக்கும் மேலாக மழலையை வைத்துப் போற்றியதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் அந்த மழலை கேளாத வீடு எப்படி இருக்கும்? ஓராண்டு சென்றது, ஈராண்டு சென்றது, ஐந்தாண்டும் சென்றது; பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் பெற்ற வயிறு என்ன பாடுபடும்? அப்படி வருந்திய வீடு ஒன்று 17ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் இருந்தது. அவ்வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் தமிழ் மழலையின் பெருங்கவிஞராக விளங்கிய குமரகுருபர அடிகள். அவருடைய வரலாற்றை மாணவ நண்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழலையின் படிகள்

குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்பதை முதலில் சிறிது காண்போம். பிறந்த குழந்தைக்குத் தெரிந்த ஒரே மொழி அழுகை. இரண்டு மூன்று மாதங்களில் அது உயிரொலி போன்ற ஒலிகளை எழுப்பிக் கூவுகிறது. ஏறத்தாழ ஆறாம் மாதத்திற்குப் பின் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலிகளை அடுக்கடுக்காகச் சொல்கிறது. இவற்றுக்குப் பொருள் இல்லை. ஆயினும் இவையே பேச்சின் நாற்றங்கால். ஓராண்டு நிறையும் காலத்தில் பொருளுள்ள முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயதளவில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசும் திறம் வருகிறது.

முதற்சொற்களில் பகரமும் மகரமும் மிகுந்திருப்பது ஏன்? தொல்காப்பியரின் பிறப்பியல் இதற்கு விடை தருகிறது. அகரமும் ஆகாரமும் வாயைத் திறந்த அளவிலே பிறப்பவை. பகரமும் மகரமும் இரு இதழ்களும் பொருந்தப் பிறப்பவை. பால் குடித்துப் பழகிய இதழுக்கு இதைவிட எளிய வேலை வேறு எது? அம்மா, அப்பா என்னும் சொற்கள் இந்த இரண்டு எளிய முயற்சிகளால் ஆனவை அன்றோ!

உயிர்நூல் அறிஞர் சார்லஸ் டார்வின், 1839ஆம் ஆண்டு பிறந்த தம் மூத்த மகனின் வளர்ச்சியை நாட்குறிப்பாக எழுதி வைத்து 1877ஆம் ஆண்டில் வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அக்குழந்தை உணவுக்குத் தானே ஒரு பெயர் வைத்ததாம். அப்பெயர் மம் என்பது. இலண்டன் நகரத்துப் பிள்ளையின் மம்மும் நம் ஊர்ப் பிள்ளையின் மம்மமும் எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்று எண்ணிப் பார்த்தால் உள்ளம் உவகை கொள்கிறது.

வைகுண்டத்து வீடு

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயர் என்பவர் வாழ்ந்தார். பெயரே சொல்வது போல் அது கவிபாடும் குடும்பம். அவருடைய இல்லக்கிழத்தி சிவகாமசுந்தரி அம்மையார். இவர்களுக்குப் பிறந்த பிள்ளை அழகிலும் அங்கத்திலும் குறைவின்றி வளர்ந்தது. ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. சொல்லையே செல்வமாகக் கொண்ட வீட்டில் சொல் இல்லாத பிள்ளை! செல்வர் வீட்டில் பசியால் ஒரு பிள்ளை வாடினால் எப்படியோ, அப்படித்தான் இருந்திருக்கும் அந்தக் கவிராயரின் நிலை.

காது கேட்கிறதா, நாவில் குறையா, அறிவில் குறையா என்று ஆராய இன்றுள்ள கருவிகள் அன்று இல்லை. ஊமை என்று ஊரார் சொல்லிவிட்டால் அதுவே தீர்ப்பு. ஐந்து வயது எழுத்தறிவிக்கும் வயது. மற்றப் பிள்ளைகள் மணலில் எழுத்துத் தீட்டும் காலத்தில் இந்தப் பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வது? பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றனர். அங்கேயே தங்கி ஒரு மண்டலம் விரதம் காத்தனர் என்று வரலாறு கூறும்.

செந்தூரில் பிறந்த சொல்

விரதத்தின் முடிவில் முருகன் அருளால் பிள்ளை வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது கந்தர் கலிவெண்பா என்னும் நூல் என்பது மரபு. 122 கண்ணிகளைக் கொண்ட அந்நூலில் சைவ சித்தாந்தக் கருத்துகள் நிறைந்திருக்கின்றன. இறைவன் அர்ச்சகர் வடிவில் ஒரு மலரைக் காட்டி இது யாதென வினவ, பிள்ளை அம்மலரின் பெயரையே முதற்சொல்லாக வைத்துப் பாடியது என்றும் ஒரு வழக்கு உண்டு. நூலின் முதற்சொல் பூ என்பதே. இரு இதழ்களும் கூடிப் பிறக்கும் பகரம், ஓரெழுத்து ஒருமொழி. உலகத்துக் குழந்தைகள் எல்லாம் எந்த வழியாக மொழிக்குள் நுழைகின்றனவோ, அதே வாயில் வழியாகத்தான் இந்தப் பிள்ளையும் நுழைந்தது என்பது எண்ணி இன்புறத் தக்கது.

அடியார்கள் இதனை அருளின் செயல் என்பர். மொழிநூல் பயில்வோர் வேறொன்றையும் சேர்த்துக் காண்பர். பேசாத பிள்ளை கேளாத பிள்ளை அன்று. கவிராயர் வீட்டில் காலையும் மாலையும் பாட்டு ஒலித்திருக்கும். பேச்சு வெளிப்படுவதற்கு முன்பே மொழி உள்ளே புகுந்து நிறைகிறது. குழந்தை தான் சொல்லும் சொற்களைவிட மிகுதியான சொற்களை அறிந்திருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் விதை உறங்குவதாகத் தோன்றினாலும் வேர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இவ்விரு நோக்குகளும் ஒன்றோடொன்று பகைக்க வேண்டியவை அல்ல. ஐந்தாண்டு மௌனம் வெறுமையான மௌனம் அன்று என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

மதுரையில் மழலைக் காவியம்

வளர்ந்து புலமை பெற்ற குமரகுருபரர் மதுரை சென்றார். அப்போது அங்கே திருமலை நாயக்கர் (1623-1659) ஆட்சி நடந்தது. அங்குதான் அவர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடினார். தம் மழலைப் பருவத்தில் மழலை பேசாதவர், உலக அன்னையை மழலை பேசும் குழந்தையாக்கிப் பாடினார்!

பிள்ளைத்தமிழ் என்பது குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் சிற்றிலக்கியம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரை, கையூன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை ஆடும் பருவம். கீர் என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, குழந்தை மழலை மிழற்றத் தொடங்கும் பருவம் என விளக்குவாரும் உளர். தால் என்பது நாக்கு. தாய் நாவசைத்துத் தாலாட்டும் பருவம் அது. சப்பாணியில் குழந்தை கை கொட்டுகிறது. முத்தப் பருவத்தில் வாய் முத்தம் தருகிறது. பேச்சு என்பது நாவின் வேலை மட்டும் அன்று, தலையும் கையும் இதழும் சேர்ந்து வளர்ந்து வரும் ஒரு முழு வளர்ச்சி என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்து வைத்தனர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இந்நூல் அரங்கேறியபோது மீனாட்சியம்மையே அர்ச்சகரின் சிறுமகள் வடிவில் வந்து மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாள் என்றும், முத்துமாலையைப் புலவர் கழுத்தில் இட்டு மறைந்தாள் என்றும் கூறுவர். மன்னரின் வேண்டுகோளுக்கிணங்க அடிகள் நீதிநெறி விளக்கம் என்னும் அறநூலையும் இயற்றினார்.

சொல் நின்ற இடம்

சொல் வந்த வரலாறு இது. இனிச் சொல் நின்ற வரலாறு ஒன்று உண்டு. எவர் முன்னிலையில் உன் வாக்குத் தடைப்படுகிறதோ அவரே உனக்குக் குரு என்று குமரகுருபரருக்கு முருகன் உணர்த்தியிருந்தானாம். புலவர் பலரைக் கண்டும் அவர் வாக்குத் தடைப்படவில்லை. தருமபுர ஆதீனத்தின் நான்காம் குருமூர்த்தியாகிய மாசிலாமணி தேசிகரைக் கண்டபோது அது நிகழ்ந்தது. தில்லைக் கூத்தனைக் கண்ட சுந்தரரின் நிலையைக் கூறும் பெரியபுராணப் பாட்டொன்றைச் சுட்டி அதன் அனுபவப் பொருளைத் தேசிகர் வினவினார். சொற்பொருள் ஆயிரம் அறிந்தவர், அனுபவப் பொருள் சொல்ல இயலாமல் நின்றார். அந்நின்ற நிலையிலேயே குருவை அடைந்தார்.

விழுப்புரம் மாவட்டத்தில் படிக்கும் நமக்கு இந்நிகழ்ச்சி அயலானது அன்று. அப்பாட்டின் தலைவராகிய சுந்தரர் இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்டுத் தம் முதற்பதிகம் பாடிய தலம் நம் திருவெண்ணெய்நல்லூர். தருமபுர ஆதீனத்தின் குருமரபு மெய்கண்டாரை முதலாகக் கொண்டது. பெண்ணாகடத்தில் பிறந்த அம்மெய்கண்டார் வளர்ந்ததும் திருவெண்ணெய்நல்லூரிலேதான். அவர் சிறு பிள்ளையாக இருந்து பாடம் சொல்கையில், முதியவரும் புலவருமாகிய அருணந்தி சிவாசாரியார் சினத்தோடு வந்து ஆணவத்தின் வடிவம் யாதென்று கேட்டார். பிள்ளை ஒன்றும் பேசாமல் அவரையே ஏற இறங்க நோக்கியது. அந்த நோக்கே விடையாயிற்று. முதியவர் பிள்ளையின் மாணவரானார். பேசாமையும் ஒரு பேச்சு என்பதை நம் மண் அன்றே அறிந்திருக்கிறது.

மீண்டும் ஒரு முதற்சொல்

குருவின் ஆணைப்படி சிதம்பரம் செல்லும் வழியில் புள்ளிருக்குவேளூரில் தங்கி முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடிய அடிகள், பின்னர்க் காசிக்குச் சென்றார். அது முகலாயர் ஆட்சிக் காலம். மடம் அமைக்க இடம் வேண்டுமானால் ஆட்சியாளரிடம் இந்துஸ்தானியில் பேச வேண்டும். தமிழில் மாப்புலவர், அந்த அவையிலோ மீண்டும் வாய் திறவாத பிள்ளை! அப்போது கலைமகளை வேண்டிப் பாடியதே பத்துப் பாடல்கள் கொண்ட சகலகலாவல்லி மாலை. அதன் பயனாக அம்மொழி கைவரப் பெற்று ஆட்சியாளரைக் கண்டு பேசி, கேதார கட்டத்தில் இடம் பெற்று மடம் நிறுவினார் என்பர். காசியிலேயே வாழ்ந்து காசியிலேயே இறைவனடி சேர்ந்தார். அவருடைய மரபு பின்னர்த் திருப்பனந்தாளில் காசி மடமாகத் தழைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயரால் ஒரு கலைக்கல்லூரி இன்று நடைபெறுகிறது. பேச்சு வராத பிள்ளையின் பெயரை ஆயிரம் மாணவர் நாள்தோறும் சொல்கின்றனர்.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஐந்து வயது வரை காத்திருந்தால் தானே பேச்சு வந்துவிடும் என்று பெற்றோர் இருந்துவிடலாமா? ஆகாது. கவிராயர் கைகட்டிக் காத்திருக்கவில்லை. தம் காலத்தில் தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த இடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்றார். நம் காலத்தில் அந்தப் பயணம் மருத்துவமனைக்கும் நீள வேண்டும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் செவித்திறனை அறியும் கருவிகள் இன்று உள்ளன. செவித்திறன் குன்றிய குழந்தையும் தொடக்கத்தில் கூவும். ஆனால் அடுக்கு மழலை உரிய காலத்தில் வருவதில்லை. எனவே பத்து மாதம் ஆகியும் மழலை கேளாவிடில், ஓராண்டுக்குப் பின்னும் ஒரு சொல்லும் வாராவிடில் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை. உட்செவியில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. இச்செய்தியை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் சொல்லலாம். பேசாத பிள்ளையை ஊமை என்று பெயரிட்டு அழைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் கல்லூரிக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருவோர் பலர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் அவர்கள். ஆங்கில வகுப்பில் வினா எழும்போது தலை குனிந்து அமர்ந்திருக்கும் கடைசி வரிசை மாணவரைக் காண்கிறோம். அவரை ஒன்றும் அறியாதவர் என்று எண்ணிவிடுதல் எளிது. ஆனால் குமரகுருபரர் வாழ்வில் மும்முறை மௌனம் வந்தது: வைகுண்டத்தில், தருமபுரத்தில், காசியில். மும்முறையும் அந்த மௌனத்தின் மறுபுறத்தில் பெரிய வாழ்வு காத்திருந்தது. அவை கண்டு அஞ்சி நடுங்குவோரின் கல்வியையும், கல்லாமலே அவையில் அஞ்சாது முழங்குவோரின் பேச்சையும் ஒருசேரக் கண்டித்தவர் நீதிநெறி விளக்கம் பாடிய அதே அடிகள். அவர் வேண்டியது கேட்டு நிறைந்து, பின் துணிந்து திறக்கும் வாய்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, வாய் திறவாத மாணவனுக்கு இன்னும் ஒரு மண்டலம் தாருங்கள். தோழர்களே, தட்டித் தடுமாறி வரும் முதற்சொல்லைக் கேட்டு நகையாதீர்கள். எந்தப் பிள்ளையின் நாவில் எந்தப் பூ மலரக் காத்திருக்கிறதோ, யார் அறிவார்!