ஹார்வி குஷிங்

ஹார்வி வில்லியம்ஸ் குஷிங் (ஏப்ரல் 8, 1869 - அக்டோபர் 7, 1939) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்திய முன்னோடிகளுள் ஒருவர். எளிதில் கண்டறிய இயலாத அரிய மூளை நோய்களை விரிவான நோயாளர் பதிவுகளின் துணைகொண்டு அடையாளம் காட்டினார். குஷிங் நோய் இவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் மருத்துவர் குடும்பம் ஒன்றில் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1891 இல் பட்டம் பெற்றபின், ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் 1895 இல் மருத்துவக் கல்வியை நிறைவு செய்தார். மாணவராக இருந்தபோது இவர் ஈதர் மயக்கமருந்து கொடுத்த நோயாளி ஒருவர் உயிரிழந்தார். இந்நிகழ்வு இவரை ஆழமாகப் பாதித்தது. அதன்பின் உடன்பயின்ற காட்மனுடன் இணைந்து, அறுவையின்போது நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1901 இல் இத்தாலியில் ரிவா-ரோச்சியின் இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

மூளை அறுவை

பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குஷிங், 1912 முதல் 1932 வரை பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்தார். அக்காலத்தில் மூளை அறுவைக்கு உட்பட்டோரில் பலர் குருதிப்பெருக்கால் இறந்தனர். இதனைத் தடுக்கக் குருதிக் குழாய்களை இறுக்கும் வெள்ளிப் பிடிப்பான்களை 1911 இல் அறிமுகப்படுத்தினார். இயற்பியலாளர் போவி வடிவமைத்த மின்கருவியை 1926 இல் பயன்படுத்தத் தொடங்கினார். 1931 இல் தமது 2000 ஆவது மூளைக்கட்டி அறுவையைச் செய்தார்.

குஷிங் நோய்

பிட்யூட்டரி எனப்படும் கபச் சுரப்பி மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ளது. கை, கால், முகம் ஆகியன மிகையாக வளரும் அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்கு 1909 இல் இச்சுரப்பியின் ஒரு பகுதியைக் குஷிங் அகற்றினார். நோயாளியின் உடல்நிலை மேம்பட்டது. சுரப்பு மிகுவதே இந்நோய்க்குக் காரணம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

1910 இல் 23 அகவைப் பெண்ணொருவர் இவரிடம் வந்தார். உடல் பருத்தல், வட்டமான முகம், மிகையான முடிவளர்ச்சி முதலியவை அவரிடம் காணப்பட்டன. அவரைப் பற்றிய விவரங்களைக் குஷிங் 1912 இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். ஆயினும் காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை. ஒத்த அறிகுறிகள் கொண்ட 12 பேரின் விவரங்களைத் தொகுத்து, கபச் சுரப்பியின் மிகச்சிறிய கட்டியே காரணம் என 1932 இல் அறிவித்தார்.

இக்கட்டி தூண்டுவதால் அண்ணீரகச் சுரப்பிகள் கார்ட்டிசோலை மிகையாகச் சுரக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் போன்ற அறிகுறிகள் பொதுவானவை. கட்டியோ சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். எனவே காந்த அதிர்வுப் படத்திலும் அது தென்படாமல் போகலாம். கட்டியை மட்டும் மூக்கு வழியாக நுண்ணோக்கியின் துணையுடன் அகற்றும் முறையை மொண்ட்ரியாலின் ஜூல்ஸ் ஆர்டி 1960களில் உருவாக்கினார். இன்றும் அறுவையே இந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சையாகும்.

பிற்காலமும் மறைவும்

வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியமைக்காக 1926 இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1933 இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1939 இல் நியூ ஹேவன் நகரில் மாரடைப்பால் காலமானார். பிணக்கூறாய்வில் இவரது மூளையிலேயே சிறு நீர்க்கட்டி ஒன்று இருந்தமை தெரியவந்தது. இவர் சேகரித்த மூளை மாதிரிகளும் நோயாளர் ஒளிப்படங்களும் 2010 முதல் யேல் பல்கலைக்கழகத்தின் குஷிங் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.