ஜெர்ஸியை எரித்த கேப்டன்

அமெரிக்காவில் கல்லூரி அளவில் கூடைப்பந்து ஆடுற பெண்களில் ரொம்பச் சிறந்தவர் யார்னு ஒவ்வொரு வருஷமும் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, வேட் ட்ரோஃபி என்று ஒரு விருது கொடுப்பார்கள். 1978-லிருந்து கொடுக்கிறார்கள். முதல் தடவை வாங்கியவர் கரோல் பிளாசயோவ்ஸ்கி. அதுக்கப்புறம் வாங்கினவங்க லிஸ்ட்டை கூடைப்பந்து ஃபாலோ பண்றவங்க தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா அந்த வேட் யாருன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. அது ஒரு மனுஷியோட பேர். மார்கரெட் வேட். 41 வருஷம் தள்ளிப்போன ஒரு சீசனை, அறுபது வயசில் ஆடி முடிச்ச அம்மா.

1912 டிசம்பர் 30-ஆம் தேதி, மிசிசிப்பி மாநிலத்தில் மெக்கூல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அவர் வாழ்க்கை முழுக்கச் சுத்திச் சுத்தி வந்தது அதே மாநிலத்தில் இருக்கிற கிளீவ்லாண்ட் என்ற இன்னொரு ஊரை. ஒஹையோவில் இருக்கும் பெரிய கிளீவ்லாண்ட் இல்லை, இது வேற. இந்த ஊர் இருக்கும் பகுதிக்கு டெல்டா என்று பேர். டெல்டான்னதும் நமக்குத் தஞ்சாவூரும் நெல்லும் கடற்கரையும்தான் ஞாபகம் வரும். அந்த டெல்டா கடலோரத்தில் இல்லை, மிசிசிப்பி ஆத்துக்கும் யாசூ ஆத்துக்கும் நடுவில் கிடக்கிற தட்டையான கரிசல் பூமி. நெல்லுக்குப் பதிலா பருத்தி. அங்கே ஆசிரியர் பயிற்சிக்காக 1925-ல் ஆரம்பிச்ச கல்லூரிதான் டெல்டா ஸ்டேட். மார்கரெட் 1929-ல் அங்கே சேர்ந்தார், டீமில் இடம் பிடித்தார், கேப்டனும் ஆனார்.

கடைசி வருஷம் தொடங்கும்போதுதான் அது நடந்தது. 1932-ல், பெண்கள் கூடைப்பந்து அணியையே கல்லூரி கலைத்துவிட்டது. காரணம் தோல்வி இல்லை, பணம் இல்லைன்னும் சொல்லலை. இந்த ஆட்டம் பெண்களோட உடம்புக்கு ரொம்பக் கடுமையானது, அதான் காரணம்.

இது அந்த ஒரு கல்லூரி நிர்வாகத்தோட கிறுக்குத்தனம்னு நினைச்சிடாதீங்க. அன்னைக்கு நாடு முழுக்க இதே பேச்சுதான். 1892-ல் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் பெண்களுக்கு இந்த ஆட்டத்தை முதன்முதலா அறிமுகப்படுத்தியபோதே கோர்ட்டை மூணு பாகமா பிரித்து, யாரும் அவங்கவங்க கட்டத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி வைத்தார். மூச்சு வாங்கக் கூடாது, பந்தைப் பிடுங்கக் கூடாது, பெண் பெண்ணா இருக்கணும். 1920-களில் இந்த எண்ணம் ஒரு இயக்கமாவே மாறி, கல்லூரிக்குக் கல்லூரி பெண்கள் போட்டி போடுவதே வேண்டாம் என்று பிரசாரம் நடந்தது. இதில் வேடிக்கை என்னன்னா, அந்தப் பிரசாரத்தை முன்னால் நின்று நடத்தியவர்களில் பலர் பெண் உடற்கல்வி ஆசிரியைகளே. பெண்களைக் காப்பாத்துறோம்னு உண்மையா நம்பித்தான் செய்தாங்க. தடுக்கிறவங்க நல்லவங்களா இருந்தா அவங்களோட சண்டை போடுறது இன்னும் கஷ்டம், இல்லையா?

மார்கரெட்டும் அவர் டீமும் சண்டை போட முடியலை. அழுதாங்க. அப்புறம் தங்களோட ஆட்ட உடைகளையெல்லாம் குவிச்சு வைத்து எரிச்சாங்க. அந்தக் காலத்தில் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவிகளால் அதுக்கு மேல என்ன எதிர்ப்பு காட்ட முடியும்? அப்போ மார்கரெட்டுக்கு வயசு பத்தொன்பது. நம்மில் நிறையப் பேர் அந்த வயசில் செகண்ட் இயர் அரியரை எண்ணிக்கிட்டு இருந்தோம்.

படிப்பை முடிச்சார். டுபெலோ ரெட் விங்ஸ் என்ற அரைத் தொழில்முறை அணியில் இரண்டு வருஷம் ஆடினார். பிறகு பள்ளிக்கூடங்களில் பயிற்சியாளர் வேலை. கிளீவ்லாண்ட் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் 19 சீசன். 453 வெற்றி, 89 தோல்வி, 6 டை. இந்த எண்களை ஒரு தடவை மெதுவா படிச்சுப் பாருங்க. ஒரு ஆட்டம் தோத்தா அஞ்சு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க, அதுவும் இருபது வருஷத்துக்குக் கிட்ட. ஆனா பள்ளி முடிச்ச அந்தப் பொண்ணுங்களுக்கு, பக்கத்திலேயே இருக்கிற கல்லூரியில் ஆட ஒரு டீம் கிடையாது. பிறகு மார்கரெட்டே அந்தக் கல்லூரிக்கு உடற்கல்வி ஆசிரியராகத் திரும்பி வந்தார். அவர் கேப்டனா இருந்த டீம் அப்பவும் இல்லை. எந்த இடத்தில் தன்னோட ஆட்டத்தை நிறுத்தினாங்களோ, அதே இடத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது எப்படி இருந்திருக்கும்னு எனக்குக் கற்பனை பண்ண முடியலை.

1972-ல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது. அதுக்கு ஒரு வருஷம் முன்னால்தான் பெண்கள் கூடைப்பந்தும் மாறியிருந்தது. ஆறு பேர், பாதிக் கோர்ட் என்பதெல்லாம் போய், ஐந்து பேர் முழுக் கோர்ட்டில் ஓடுற ஆட்டமாகியிருந்தது. 1973-ல் டெல்டா ஸ்டேட் தலைவர் ஆப்ரி லூகாஸ் பெண்கள் அணியை மறுபடி தொடங்க முடிவு செய்து, வேட்டைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தார். அவருக்கு வயசு அறுபது. ரிட்டயர்மென்ட் ஃபார்ம் நிரப்ப வேண்டிய வயசு.

முதல் சீசனிலேயே 16 வெற்றி, 2 தோல்வி. நல்ல ரிக்கார்டுதான். ஆனா தேசிய அளவில் ஜெயிக்க அது பத்தாது. அப்போ பெண்கள் கல்லூரிப் போட்டிகளை நடத்தியது என்.சி.ஏ.ஏ. இல்லை, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு. தேசியப் போட்டிக்கு வருவது பதினாறே டீம். மாநிலத்தில் ஜெயிக்கணும், மண்டலத்தில் ஜெயிக்கணும், அப்புறம்தான் அங்கே. மிசிசிப்பியில் அதுவும் சுலபமில்லை, 1971-ல் தேசிய சாம்பியனான மகளிர் கல்லூரி அதே மாநிலத்தில்தான் இருந்தது. சீசன் முழுக்க நல்லா ஆடிட்டு மார்ச் மாசம் ஒரு ராத்திரி ஷாட் விழலைன்னா எல்லாம் முடிஞ்சது. ஜோனல் நாக்-அவுட்டில் ஆடினவங்களுக்கு இந்த வயித்துக் கலக்கம் தெரியும்.

வேட்டுக்கு அமைந்த டீமைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா கோச் கதைகளில் ஆட்டக்காரங்க காணாமப் போயிடுவாங்க. பந்தை எடுத்து வரும் கார்டு டெபி ப்ராக், உயரம் 4 அடி 11 அங்குலம். சென்டர் லூசியா ஹாரிஸ், 6 அடி 3 அங்குலம். ரெண்டு பேரும் பக்கத்தில் நின்னா கார்ட்டூன் மாதிரிதான் இருக்கும். லூசியா ஒரு கறுப்பின விவசாயக் குடும்பத்தின் பதினோரு பிள்ளைகளில் பத்தாவது. பிறந்தது 1955-ல், லெஃப்லோர் கவுண்டியில். அதே வருஷம், அதே கவுண்டியிலிருந்துதான் எம்மெட் டில் என்ற பதினாலு வயசுக் கறுப்பினப் பையனை வெள்ளைக்காரர்கள் கடத்திட்டுப் போய்க் கொன்றார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த பெண், அணியில் ஒரே கறுப்பினப் பெண்ணாகச் சேர்ந்தார். விளையாட்டு உதவித்தொகை எதுவும் கிடையாது. படிச்சுக்கிட்டே வேலை செய்தார்.

இன்னொரு விஷயம். டெல்டா ஸ்டேட்டின் உள்ளரங்கத்துக்கு வால்டர் சில்லர்ஸ் பேரை வைத்திருக்கிறார்கள். அந்த மாநில சட்டசபையில் இருபது வருஷத்துக்கு மேல் சபாநாயகராக இருந்து, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒண்ணா படிக்கக் கூடாதுன்னு கடைசி வரை நின்னவர். அவர் பேர் போட்ட கட்டிடத்தில்தான் லூசியா ஹாரிஸ் போடும் ஒவ்வொரு கூடைக்கும் ஜனங்க எழுந்து நின்னு கத்தினாங்க.

1974–75 சீசன். ஜெயிச்சுக்கிட்டே போனாங்க. பத்து, பதினஞ்சு, இருபது. மாநிலம் தாண்டி, மண்டலம் தாண்டி, மார்ச் மாசம் வர்ஜீனியாவில் ஹாரிசன்பர்க் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். நாலு நாளில் நாலு ஆட்டம் ஜெயிச்சா கோப்பை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இம்மாகுலாட்டா, பென்சில்வேனியாவில் ஒரு சின்ன கத்தோலிக்க மகளிர் கல்லூரி. 1972, 73, 74 மூணு வருஷமும் அவங்கதான் சாம்பியன். கன்னியாஸ்திரிகள் காலரியில் உட்கார்ந்து வாளியைத் தட்டி ஆரவாரம் பண்ணுவாங்க, அது அந்த டீமோட பிராண்டே. கோச் கேத்தி ரஷ், இருபதுகளில் இருந்த இளம்பெண். இந்தப் பக்கம் 62 வயசு வேட். முப்பத்து சொச்சம் வயசு வித்தியாசம்!

90–81. டெல்டா ஸ்டேட் ஜெயித்தது. லூசியா மட்டும் 32 பாயின்ட். சீசன் 28-க்கு 28. கலைக்கப்பட்ட டீம் திரும்பி வந்து ரெண்டாவது வருஷமே தேசிய சாம்பியன்.

எனக்கு அதை விடப் பிடிச்சது அடுத்த வருஷம். ஒரு ஆட்டம்கூட தோக்காத டீமைப் பார்த்துக் கைதட்டுறது ஈஸி. தொடர் வெற்றி 1975–76 சீசனிலும் போய்க்கிட்டே இருந்து, 51-ல் நின்றது. ஒரு தோல்வி. அதுவும் சீசன் முக்கால்வாசி ஓடின பிறகு, பிளே-ஆஃப் கண்ணுக்குத் தெரியுற நேரத்தில். ஒரு வருஷத்துக்கு மேல் தோல்வின்னா என்னன்னே மறந்துபோன பொண்ணுங்க. இந்த மாதிரி நேரத்தில்தான் நல்ல டீம் பொலபொலன்னு உதிரும். போன வருஷம் வரைக்கும் ஈஸியா பாஸ் போட்டவங்க திடீர்னு கையில் பந்தை வச்சுக்கிட்டு யோசிப்பாங்க. வேட்டுக்கோ, ஒரு தோல்வியால் எதுவும் முடிஞ்சு போயிடாதுங்கிறதுக்கு வேற யாரோட உதாரணமும் தேவையில்லை. அதுக்கப்புறம் மிச்சம் இருந்த எல்லா ஆட்டத்தையும் ஜெயிச்சாங்க. பென் ஸ்டேட்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் மறுபடி அதே இம்மாகுலாட்டா. இந்தத் தடவை நெருக்கடி, 69–64. சீசன் கணக்கு 33 வெற்றி, 1 தோல்வி.

அந்தக் கோடையில் மான்ட்ரியல் ஒலிம்பிக். பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த வருஷம். அந்த வரலாற்றின் முதல் கூடையைப் போட்டது லூசியா ஹாரிஸ். அமெரிக்கா வெள்ளி வாங்கியது. 1977-ல் மினியாபொலிஸில் எல்.எஸ்.யு.வை 68–55 என்று ஜெயித்து டெல்டா ஸ்டேட் மூணாவது முறையாக சாம்பியன். அதே வருஷம் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் அணி, என்.பி.ஏ. டிராஃப்ட்டில் ஏழாவது சுற்றில் லூசியாவைத் தேர்ந்தெடுத்தது. அவர் போகலை, அப்போ கர்ப்பமாக இருந்தார். கல்லூரி முடிச்ச பெண்ணுக்கு அதுக்கு மேல் ஆட அன்னைக்கு அமெரிக்காவில் ஒரு லீக்கும் இல்லை. வேட்டோட பள்ளிப் பொண்ணுங்களுக்கு கல்லூரி வாசலில் நின்ன கதவு, இப்போ கொஞ்சம் தள்ளிப்போய் நின்னது, அவ்வளவுதான்.

வேட் 1979-ல் ஓய்வு பெற்றார். டெல்டா ஸ்டேட்டில் ஆறு சீசன், 157 வெற்றி, 23 தோல்வி. 1985-ல் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது மூணு பேரைச் சேர்த்தார்கள்: சென்டா பெரன்சன், ஒக்லஹோமா பள்ளிக் கோச் பெர்தா டீக், மார்கரெட் வேட். பெண்கள் மூச்சு வாங்கக் கூடாதுன்னு கோர்ட்டில் கோடு போட்டவரும், அந்தக் கோட்டை அழிச்ச ஆட்டத்தில் மூணு கோப்பை வாங்கினவரும் ஒரே நாளில் உள்ளே போனாங்க. லூசியா 1992-ல் சேர்ந்தார்.

ஒரு வருத்தமும் இருக்கு. 1982-ல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியைக் கையில் எடுத்ததும் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மூடப்பட்டது. இன்னைக்கு டிவியில் இத்தனை முறை சாம்பியன்னு பட்டியல் ஓடும்போது அது 1982-லிருந்துதான் ஆரம்பிக்கும். டெல்டா ஸ்டேட்டின் மூணு கோப்பையும் அதில் வராது. பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு உள்ளே வந்ததும் சின்னக் கல்லூரிகள் இரண்டாம் பிரிவுக்குப் போயின. அங்கேயும் டெல்டா ஸ்டேட் 1989, 1990, 1992-ல் சாம்பியன் ஆனது, அது வேற கதை.

மார்கரெட் வேட் 1995 பிப்ரவரி 16-ஆம் தேதி கிளீவ்லாண்டில் காலமானார். வயது 82. பிப்ரவரி பாதின்னா சீசனோட கடைசி வாரங்கள், எல்லாக் கல்லூரியும் பிளே-ஆஃப் இடத்துக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கும் நேரம். அந்த வருஷம் 35 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் கனெக்டிகட் சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டம் நடந்தது மினியாபொலிஸில். அந்த டீமின் ரெபெக்கா லோபோவுக்கு வேட் ட்ரோஃபி கொடுத்தார்கள்.