இரட்டைப் புற்றுக்கு இலக்கணம் வகுத்தவர்

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளிடையே வளர்ந்தவன் நான். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் மட்டும் எங்கள் பெரியவர்களை விட்டபாடில்லை. வாய்ப்புற்று குணமான ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் உணவு தொண்டையில் இறங்காவிட்டால், பழைய நோய் பரவிவிட்டது, இனி வைத்தியம் வீண் என்று சுற்றத்தார் கைவிடுவதைக் கண்டிருக்கிறேன். வந்திருப்பது பழைய நோயின் கிளையா, புதிதாய் முளைத்த தனி நோயா? இதைப் பிரித்தறிய முதன்முதலில் விதி வகுத்தவர் தியோடர் பில்ராத்.

பிரஷ்ய நாட்டு ரூகன் தீவில் 1829-இல் பிறந்த அவர், ஐந்து வயதில் தந்தையை இழந்தார். இசையில் தோய்ந்த உள்ளம். எனினும் குடும்பத்தார் விருப்பப்படி மருத்துவம் பயின்றார். 1860-இல் சூரிச்சிலும் 1867-இல் வியன்னாவிலும் பேராசிரியரானார். இசைமேதை பிராம்ஸ் அவருடைய உற்ற நண்பர்.

1881 சனவரி 29 அன்று, புற்றுற்ற இரைப்பைப் பகுதியை ஒரு பெண்மணிக்கு வெற்றியுடன் அறுத்தெடுத்து உலகை வியக்கவைத்தார். ஆயினும் சில திங்களில் நோய் மீண்டு அவ்வம்மையார் மாண்டார். தம் சிகிச்சையில் மாண்டவர் கணக்கையும் மறைக்காமல் வெளியிட்ட நேர்மையாளர் பில்ராத்.

இரு கட்டிகளும் வெவ்வேறிடத்தில் இருக்கவேண்டும். திசு அமைப்பில் வேறுபட வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே பரவியிருக்கவேண்டும் என்பது அவர் விதி. மூன்றாவது நிபந்தனை மிகக் கடுமையானது. பரவும் வரை காத்திருந்தால் நோயாளி பிழைப்பதெங்ஙனம்? அவர் 1894-இல் மறைந்தார். 1932-இல் அமெரிக்க அறிஞர்கள் வாரனும் கேட்சும் அந்த நிபந்தனையைத் தளர்த்தினர். இரண்டும் புற்றே என்பதும், தனித்தனியானவை என்பதும், ஒன்று மற்றதன் பரவல் அன்று என்பதும் உறுதியானால் போதும் என்றனர். அந்தத் திருத்தம் உயிரோடிருப்பவர்க்கு உதவியது.

இன்று ஒவ்வொரு கட்டியிலிருந்தும் திசு எடுத்துச் சோதிக்கிறார்கள். இரண்டும் வேறெனில், உயிருக்கு முந்தி ஊறு செய்வது எதுவெனக் கண்டு, அறுவை, கதிர், மருந்து ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். முன்பு பெற்ற கதிரின் அளவையும் கணக்கிற் கொள்கிறார்கள். வாயைக் கெடுத்த புகையிலையே உணவுக்குழாயையும் கெடுக்கும். ஆகவே ஒன்றைக் கண்டபோதே மற்றதையும் தேடுவது நலம்.

தோழர்களே, இரண்டாவது கட்டி என்றாலே இறுதி என்று எண்ணவேண்டா. திசுச் சோதனை முடியும்முன் நம்பிக்கையை இழக்கவேண்டா என்று வீட்டுப் பெரியோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பில்ராத் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் அதுவே.