வள்ளல் பச்சையப்பர்

செல்வம் சேர்த்தோர் பலர். தம் மறைவுக்குப் பின்னும் அது பிறர்க்குப் பயன்பட வழிசெய்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர் பச்சையப்பர். பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய பெரியபாளையத்தில், 1754ஆம் ஆண்டு பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையை இழந்த அவர், சென்னையில் நாராயண பிள்ளை என்பாரின் ஆதரவில் வளர்ந்தார். இளமையிலேயே துபாஷித் தொழிலில் புகுந்து, ஆங்கிலேயர்க்கும் நம் நாட்டார்க்கும் இடைநின்று பெரும்பொருள் ஈட்டினார்.

1794இல் திருவையாற்றில் மறையுமுன், தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு உரித்தாக்கி உயில் எழுதினார். ஆயினும் அப்பொருள் நெடுங்காலம் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால் அது மீண்டது. கோயில் அறங்கள் போக எஞ்சிய பொருள், நீதிமன்ற ஆணைப்படி கல்விக்கு ஒதுக்கப்பட்டது.

1842இல் ஏழைப் பிள்ளைகளும் கற்கச் சென்னையில் பள்ளி தோன்றியது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக அன்றிருந்த காஞ்சிபுரத்திலும் ஒரு பள்ளி எழுந்தது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா அப்பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கல்லூரியிலும் பயின்று, தமிழகத்தின் முதலமைச்சரானார்.

கொடுத்தவரின் ஈகையோடு காத்தவரின் நேர்மையும் சேர்ந்தபோதே அவ்வறம் ஏழையின் கையில் ஏடாக மாறியது.