சுவரும் சட்டமும்

சுவரிலே எழுதினால் சட்டம் பாய்கிறது. அதே கை துணியிலே தீட்டியதைச் சட்டம் போட்டு மாட்டினால் கோடி குவிகிறது! இந்த விந்தைக்கு விளக்கந்தான், தம்பி, ஓவியன் ழான்-மிஷெல் பாஸ்கியாவின் வாழ்வு.

1960-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலே பிறந்தவன். தந்தை ஹைட்டி நாட்டவர். தாய் போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர். ஏழு வயதிலே மோட்டார் மோதி மருத்துவமனையிலே கிடந்தபோது, தாய் படிக்கத் தந்தது உடற்கூறு நூல். எலும்பும் மண்டையோடும் அன்றே அவன் நெஞ்சிலே பதிந்தன.

அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியிலே வறுமை, வேலையில்லை, கேட்பாரில்லை. அங்கேதான் 1973-இல், ஜமைக்காவிலே பிறந்த கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஹிப்-ஹாப்புக்கு வித்திட்டான். இசைத்தட்டு, தாளத்தோடு பேச்சு, தரையிலே ஆட்டம் - இம்மூன்றோடு, முன்பே ரயில்களிலும் சுவர்களிலும் பெயரெழுதி வந்த இளைஞரின் கலையும் நான்காவதாய்ச் சேர்ந்தது.

1978-இல் பாஸ்கியாவும் நண்பன் அல் டயஸும் சேமோ என்ற புனைபெயரிலே மன்ஹாட்டன் சுவர்களில் நையாண்டி வாசகங்கள் எழுதினர். படுக்க நிலையான இடமில்லை. தான் வரைந்த அஞ்சலட்டைகளை விற்று வயிறு கழுவினான். நான்கே ஆண்டு! 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரத்து டாக்குமெண்டா கண்காட்சியிலே அவன் ஓவியங்கள். வயது 21. மறு ஆண்டு, ராமெல்சீயும் கே-ராப்பும் பாடிய ராப் இசைத்தட்டைத் தயாரித்து, உறையும் தானே தீட்டினான்.

அந்த 1983 செப்டம்பரிலே, மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞனை, சுரங்க ரயில் நிலையச் சுவரிலே எழுதினான் என்று போலீசார் பிடித்தனர். நினைவிழந்து 13 நாள் கிடந்து மாண்டான். வழக்கு நடந்தது, 1985-இல் போலீசார் 6 பேரும் விடுதலை!

தனக்கும் அதே கதி நேர்ந்திருக்கும் என்று பாஸ்கியா பதறினான். நண்பன் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரிலே தீட்டினான்: இரு போலீசார் தடியோங்க, நடுவே கருநிழலாய் ஓர் உருவம். விற்பதற்கல்ல, சாட்சி சொல்வதற்கு.

புகழ் சேர்ந்தது, பொருள் சேர்ந்தது, போதையும் சேர்ந்தது. 1988 ஆகஸ்ட் 12-இல் ஹெராயின் அவனைக் கொன்றது. வயது 27.

அவன் 1982-இல் தீட்டிய மண்டையோட்டு ஓவியம் 1984-இல் 19,000 டாலருக்குப் போயிற்று. 2017 ஏலத்திலே அதன் விலை 11 கோடியே 5 லட்சம் டாலர்! அதிலேயும் இருப்பது தெருவிலே அடிக்கும் ஸ்பிரே பெயிண்ட்தான்.

ஸ்டூவர்ட்டின் குடும்பத்துக்கு 1990-இல் கிடைத்த இழப்பீடு எவ்வளவு தெரியுமா? 17 லட்சம் டாலர். துணிக்கு 11 கோடி. உயிருக்கு 17 லட்சம். கணக்குப் போட்டுப் பார், தம்பி!